டைம் கீப்பர் கேட்ட சின்னக் கேள்விகள்

பஸ்சை விட்டு இறங்குகிறவர்களிடம் மற்றவர்கள் சௌக்கியமா என்று கேட்பார்கள், கீழே மழை உண்டா என்று கேட்பார்கள். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த அந்த மனிதர், "பக்கத்து சீட்டுல யாருங்க உக்காந்திருந்தாங்க?" என்று கேட்பார். வேறு எதையும் கேட்கமாட்டார். கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு கிழவி மூட்டையோடு உட்கார்ந்து வந்தாள் என்று உண்மையைச் சொல்லும்போதுகூட நமக்கு எதையோ மறைக்கிற மாதிரி நாக்குக் குழறும்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லியிருந்தால் கை தவறி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காக்கிச் சட்டை, அதன்மேல் முழங்கையில் பிரிந்த ஸ்வெட்டர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ஏரியைப் பார்த்த மாதிரி பலகையடித்த ஒரு கூண்டு இருக்கும், அதில் உட்கார்ந்திருப்பார். பஸ் வந்து நின்றதும் எழுந்து வந்து, இறங்குகிற ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். கெட்ட பார்வை என்று சொல்லமுடியாது. கணக்குச் சரிபார்க்கிற பார்வை. அவர் மலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை, சம்சாரத்துக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாததால் சேலத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று சொல்வார்கள். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லோரையும் கேள்வி கேட்கிறவரிடம் யார்தான் திருப்பிக் கேட்பார்கள்?

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எனக்குப் பொறாமை ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் எதிர்வீட்டுக் குழந்தையைக் கொஞ்சினால், குழந்தையின் அம்மா அந்தப் பக்கம் நிற்கிறாளா என்று பார்ப்பேன். இப்போதும் அப்படித்தான். இந்த வயதில் திருந்துகிறதாக உத்தேசமில்லை.

என் வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். வெள்ளைக்காரத் துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறி, சேலத்து முதலாளி ஒருவர் வாங்கியிருந்த காலம். நாங்கள் குடியிருந்தது பஜார் பக்கம். எஸ்டேட்டுக்கு அவர் சைக்கிளில் போய்வருவார். நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலையேறிய முதல் வருஷம், பங்குனி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது சட்டை முழுக்க மல்லிகை வாசம். நான் சத்தம் போடவில்லை. இன்றைக்கு வேலைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். வழியில் யார் வீட்டிலாவது காபி குடித்தீர்களா என்று கேட்டேன். சாயங்காலமும் அதே வாசத்தோடு வந்து நின்றபோதுதான், "இந்த வாசம் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவர் என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து எஸ்டேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சரிவு முழுக்கக் காபிச் செடிகள் வெள்ளைவெளேரென்று பூத்திருந்தன. ஊரிலுள்ள மல்லிகையையெல்லாம் கொட்டிவைத்த மாதிரி வாசம். காபி பூக்கும், அது இப்படி மணக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும். இதை ஒரு ஈ காக்கைக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் டைம் கீப்பர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

பழம் பறிப்பு முடிந்து, களம் காலியாகக் கிடக்கும் பங்குனியில் எஸ்டேட்டில் மாரியம்மன் பண்டிகை நடக்கும். காபி காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் கொட்டகை போட்டு நாடகம் போடுவார்கள். அந்த வருஷம், டைம் கீப்பருக்கு நாடகம் சொல்லித்தரத் தெரியுமாம், கீழே பல ஊர்களில் போட்டிருக்கிறாராம் என்று யாரோ சொல்ல, அவரையே வாத்தியாராக்கிவிட்டார்கள். பழைய கம்பெனிக் காலத்துச் சோக நாடகம் ஒன்று. பாதி ஊருக்கு அது மனப்பாடம். யுத்தத்துக்குப் போய்த் திரும்பும் ராஜாவுக்கு ராணிமேல் சந்தேகம். தளபதியோடு அவளுக்குத் தொடர்பு என்று நினைத்து, தன் கையாலேயே விஷம் கலந்த பாலை அவளிடம் நீட்டுவான். அவளும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்துவிடுவாள். அவள் குற்றமற்றவள் என்பது அவனுக்கு விடிந்த பிறகுதான் தெரியவரும்.

ராஜா வேஷத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது என் வீட்டுக்காரரை. காலையில் ஆட்களுக்குப் பேர் வாசிக்கிற குரல் அவருடையது. அடுத்த சரிவில் இருப்பவனும் ஆஜர் சொல்லுவான். ஆனால் பொறாமை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. வீட்டில் அந்த இலாகா முழுக்க என் பொறுப்பில் இருந்தது.

தளபதி வேஷத்துக்கு எஸ்டேட் லாரி டிரைவர் ஆசைப்பட்டான். சுருட்டை முடி, நல்ல உயரம். டைம் கீப்பர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செம்மநத்தத்திலிருந்து வரும் மிளகு வியாபாரி ஒருவரைப் போட்டார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை, பேரன் எடுத்தவர். இவரைப் பார்த்து எந்த ராணி மயங்குவாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். "சந்தேகத்துக்கு அழகு எதுக்குங்க?" என்றார் டைம் கீப்பர். அதை நான் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ராணி வேஷத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு நடிகை வருவாள். அந்தக் காலத்து வழக்கம், நடிகை நாடகத்தன்றுதான் வருவாள். அவளுக்கு எல்லா நாடகமும் பாடம். பஸ்சில் வந்து இறங்கி, மாலையில் நடித்துவிட்டு, காலையில் போய்விடுவாள். அதுவரை ஒத்திகையில் அவளுக்குப் பதில் ஒரு நாற்காலி. வெறும் நாற்காலியைப் பார்த்து என் வீட்டுக்காரருக்குப் பேச வரவில்லை என்று, அதன்மேல் ஒரு சாக்கு மூட்டையை வைத்து, அதற்குச் சுற்ற ஒரு புடவை வேண்டும் என்று டைம் கீப்பர் என்னிடமே வந்து கேட்டார். பழைய பச்சைச் சேலை ஒன்றைக் கொடுத்தேன். அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது யாருங்க எடுத்துக் குடுத்தது, அம்மணி?" என்றார். என் அண்ணன் தீபாவளிக்கு எடுத்தது. ஆனால் பதில் சொல்வதற்குள் எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கேள்விகளின் விசேஷம் அது.

ஒத்திகை எஸ்டேட் குடோனில் நடக்கும். நான் பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு போய், மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். காபி ஒரு சாக்கு. என் சேலையைக் கட்டிய அந்த மூட்டையிடம் என் வீட்டுக்காரர் என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியவேண்டும். "கண்ணே" என்று அதைக் கூப்பிட்டார். என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

டைம் கீப்பர் பஸ்சைக் கிளப்புகிற அதே விசிலால்தான் நாடகத்தையும் நடத்தினார். தப்பு வந்தால் ஒரு விசில். அத்தனை பேரும் அப்படியே நிற்கவேண்டும். பால் கிண்ணக் காட்சியில் என் வீட்டுக்காரர் பழைய வசனத்தைக் குடோன் அதிரப் பேசியதும் விசில் பறந்தது. ஏனுங்க ரைட்டரே, ஆளுக்குப் பேர் வாசிக்கிறீங்களா என்று கேட்டார். பிறகு பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

"கத்தறவன் மனசுல ஒண்ணுமில்லீங்க. சந்தேகப்படறவன் சின்னதாத்தான் கேப்பான். சாப்ட்டியான்னு கேப்பான். பதிலுக்காகக் கேக்க மாட்டான், மொகத்தப் பாக்கறதுக்காகக் கேப்பான்."

மூட்டைக்குப் பின்னால் எனக்கு வியர்த்தது. என் சமையலறைக்குள் வந்து நின்று யாரோ பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

நீளநீள வசனங்களையெல்லாம் வெட்டித் தள்ளினார். அவற்றுக்குப் பதிலாகச் சின்னக் கேள்விகளைப் போட்டார். விளக்கை எப்போது ஏற்றினாய்? கதவு ஏன் சாத்தியிருந்தது? கிண்ணம் இரண்டு ஏன் கழுவிக் கவிழ்த்திருக்கிறது? கடைசியாக, சாப்பிட்டாயா? அதற்குப் பிறகு பாலை நீட்டவேண்டும். எழுதிப் பார்த்தால் ஒன்றுமேயில்லாத கேள்விகள். ஆனால் அவர் தானே ஒருமுறை ராஜாவாக நின்று அந்த நாற்காலியிடம் கேட்டுக் காட்டியபோது குடோனில் ஒரு சத்தமில்லை. சாக்கு மூட்டை பதில் சொல்லிவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்குத்தான் வரவில்லை. "சாப்ட்டியா?" என்று அவர் கேட்டால் அந்த மூட்டைக்கே பசியாறிவிடும், அவ்வளவு வாஞ்சை. உடனே விசில். நெசமாவே பசியான்னு கேக்கறீங்க, கேள்வி அதில்லீங்க என்பார் டைம் கீப்பர். இவர் மறுபடி கேட்பார். மறுபடி விசில். கடைசியில் அவரே சலித்துப்போய், குரலை மட்டும் தணித்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று விட்டுவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். பழைய நாடகத்தில் ராஜா ராணியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பாலைப் புகட்டுவான். அதை எடுத்துவிட்டார். ராணியைத் தொடக்கூடாது, தள்ளியே நிற்கவேண்டும் என்று தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடே போட்டுவிட்டார். இதற்காக மட்டும் அவருக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

நாடகத்தன்று நடிகை எப்படி இருப்பாள் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்கறி வாங்குகிற சாக்கில் மத்தியான பஸ்சுக்கு நானும் போய் நின்றேன். மாநிறம், என்னைவிட உயரம், தலையில் ஒரு பூக்கூட இல்லை, காற்றில் கலைந்த முடி. வேஷப்பெட்டியோடு இறங்கினாள். டைம் கீப்பர் எழுந்து வந்து அவள் பக்கமாகக் குனிந்து ஏதோ கேட்டார். அவள் பஸ் ஜன்னலைக் கையால் காட்டிப் பதில் சொன்னாள். அவர் மறுபடி ஏதோ கேட்டார். அவள் முகம் சுண்டிப்போய், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். சம்பளத்தில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டேன். அழகிதான் என்ற எரிச்சலில் தக்காளி வாங்க மறந்துபோய்த் திரும்பினேன்.

மலையில் குளிருக்குப் பயந்து நாடகத்தைப் பொழுது சாயும்போதே தொடங்கிவிடுவார்கள். வாழவந்தியிலிருந்தெல்லாம் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தேன். பால் கிண்ணக் காட்சி வந்தது. என் வீட்டுக்காரர், களத்திலும் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, குரலைத் தணித்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். விளக்கு, கதவு, கிண்ணம். நடிகை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது சாப்பிட்டாயா என்று நான் காத்திருந்தேன். அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"இந்த மல்லிகை வாசம் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. இது என் கேள்வி. என் வீட்டுக்குள், சத்தியம் வாங்கிப் பூட்டிவைத்திருந்த கேள்வி. அத்தனை ஜனங்களுக்கு முன்னால், ஜரிகைத் தலைப்பாகையோடு நின்றுகொண்டு, அதை இன்னொருத்தியிடம் கேட்கிறார்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து வேலைக்காரப் பெண் ஒருத்தி நிதானமாகச் சொன்னாள். "கீழ்க்காட்டுல காப்பி பூத்திருக்குதுங்க, ராசா."

களமே சிரித்தது. அன்று காலையில்தான் மலைப்பாதையை ஒட்டிய கீழ்க்காடு பூத்திருந்தது, அது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நடிகை மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவையும் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்ற டைம் கீப்பரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்தாள், பார்த்துக்கொண்டே குடித்தாள். சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. அவள் சாய்ந்து விழுந்த பிறகு விசில் வரவேண்டும், திரை இறங்கவேண்டும். விசில் வரவில்லை. செத்தவள் செத்தபடி கிடக்க, என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் மிளகு வியாபாரிதான் ஓடிப்போய்த் திரைக்கயிற்றை அவிழ்த்தார். பிரமாதம், இப்படியொரு சாவை இந்த மலை பார்த்ததில்லை என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். அவர், தான் யாரிடமும் சொல்லவில்லை, சாயங்காலம் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோதுதான் டைம் கீப்பர் வந்து அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னார், கேட்டதும் தனக்கும் திக்கென்றது என்றார். நான் நம்புவேனா? அவர் சொல்லாமல் அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கே போய் டைம் கீப்பரைக் கேட்டேன். அந்தக் கேள்வியை உங்களுக்கு யார் சொன்னது என்றேன். கண் வீங்கியிருந்தது அவருக்கு. ராத்திரி தூங்காத முகம்.

"அது ஒருத்தர் சொல்லிக் குடுத்து வர்ற கேள்வி இல்லீங்க, அம்மணி" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. விசிலை ஊதிக்கொண்டே போய்விட்டார். மழுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போய்விட்டார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் நான் அந்த மல்லிகையில் கொண்டுவந்து முடிப்பேன். என் மானத்தைக் கடைத்தெருவில் விற்றவர் என்று. அவரும் மறுத்துப் பார்த்துவிட்டு, வருஷங்கள் போகப்போக மறுப்பதையும் விட்டுவிட்டார். மறுக்காததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

போன பங்குனியில் சேலம் போய்விட்டுத் திரும்பும்போது அடிவாரத்தில் பஸ்சுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், பேத்தியைத் தண்ணீர் வாங்கி வரச்சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் அது அந்த நடிகைதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிடிக்காதவர்களின் குரல் மறப்பதில்லை. நான் யாரென்று சொன்னதும் அவளும் சிரித்தாள். அந்த எஸ்டேட் நாடகம் நன்றாக ஞாபகமிருக்கிறது, தன்னைத் தொடாமல் கொன்ற ஒரே ராஜா என் வீட்டுக்காரர்தான் என்றாள். டைம் கீப்பரைப் பற்றிக் கேட்டேன். அவர் செத்துப்போய் வெகுநாளாகிறது என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"என் ஊட்டுக்காரருங்க" என்றாள்.

நாடகக்காரி புருஷன் என்று ஊர் சொல்லும் என்பதால் மலையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று வைத்திருந்தாராம். அன்றைக்கு அவள் வந்த பஸ்சில் ஜன்னலோர சீட்டு. பூத்த காட்டுக்குள் வந்த காற்றெல்லாம் சேலையில். இறங்கினதும் இறங்காததுமாக, யார் கொடுத்த மல்லிகை என்று கேட்டாராம். தலையில் பூவே இல்லையே, ஜன்னல் காற்றில் வந்த வாசம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பக்கத்து சீட்டில் யார் என்று கேட்டாராம்.

"நான் சொன்னப்ப நம்பலீங்க. எவளோ ஒரு வேலைக்காரி கூட்டத்துல இருந்து சொன்னா, ஒடனே நம்பிட்டாரு. விசில் வரலை பாத்தீங்களா? வாயில வெச்சுட்டு அழுதுட்டு நின்னாரு. கால்ல விழுந்தாரு அன்னிக்கு. அடுத்த வாரம் வேற ஒரு வாசம். எத்தனை நாளைக்குங்க பாலைக் குடிக்கறது? பொட்டியத் தூக்கிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன்."

அவள் பஸ் முதலில் வந்தது. போய்விட்டாள். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக என்னிடமிருந்து திருடிவிட்டார் என்று நினைத்திருந்த கேள்வி டைம் கீப்பரின் சொந்தக் கேள்விதான். கீழேயிருந்து வந்து காபிப் பூவை அறியாத இரண்டு பேர், ஆளுக்கொரு வருஷத்தில், ஒரே வாசத்தை மோந்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் சத்தியத்தை மீறவில்லை. இதில் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும், வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது, அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவள்மேல் மறுபடி பொறாமையாக இருந்தது. அவள் பட்ட பாடு தெரிந்தும் இருந்தது. அவளைப் பார்த்து ஒருத்தர் அப்படிக் கேட்டிருக்கிறார். இந்த ஜென்மத்தில் என் வீட்டுக்காரர் என்னை அப்படி எதுவும் கேட்டதில்லை.

எனக்கும் ஜன்னலோர சீட்டுத்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்தபோது சேலை முழுக்கக் காபிப் பூ வாசம். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்றேன். கீழ்க்காடு பூத்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றேன். எதை என்று கேட்டார். சொன்னேன். "நான் அப்பவே சொன்னேனே" என்றார், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பஸ்சுல பக்கத்து சீட்டுல யாருன்னு கேளுங்களேன்" என்றேன்.

"யாரு?"

"ஒரு ஆம்பளை" என்றேன். பொய்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கேட்கப்போகிறார் என்று காத்து நின்றேன்.

"அப்ப நெருக்கமா இருந்திருக்குமே, காலை நீட்டக்கூட முடிஞ்சிருக்காது" என்றார். "சாப்ட்டியா?"

டைம் கீப்பர் இருந்திருந்தால் அந்த இடத்தில் விசில் ஊதியிருப்பார்.